'ரெட் ட்வார்ஃப்' உங்கள் வீட்டுப் பதின்ம வயதினருக்கு ஏற்றதா? பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ரப்பர் முகமூடி போட்ட ரோபோ. பூனை இனத்திலிருந்து பரிணமித்து வந்த ஓர் அலங்காரப் பிரியன். செத்த பிறகும் ஹோலோகிராமாகத் திரிந்து அதிகாரம் பண்ணும் ரிம்மர். பீரும் காரமான விண்டலூ குழம்புமாக வாழும் கடைசி மனிதன் லிஸ்டர். விண்வெளிக் கப்பல் ஒன்றில் நடக்கும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான 'ரெட் ட்வார்ஃப்'-ஐ ஐந்து நிமிடம் பார்க்கிற யாருக்கும் இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். ஆனால் 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2 இதை முதன்முதலாக ஒளிபரப்பியது இரவு 9 மணிக்கு. சிறுவர்களுக்குப் பொருந்தாத நிகழ்ச்சிகளை 9 மணிக்கு முன்னால் காட்டக் கூடாது என்பது பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் விதி. அந்த நேரம் சும்மா தேர்ந்தெடுத்ததல்ல.

அதற்காக இது பெரியவர்களுக்கு மட்டுமான தொடரும் அல்ல. ரத்தக் களரி கிடையாது, படுக்கையறைக் காட்சிகளும் அரிது. வாயால் பேசுவதுதான் அதிகம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: 13, 14 வயதில் தேர்ந்தெடுத்த எபிசோட்கள் போதும், 15 தாண்டினால் ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கலாம், 12-க்குக் கீழே அவசரமே இல்லை. இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் உங்கள் பிள்ளைக்குத் தக்க முடிவை நீங்களே எடுக்கலாம்.

1. எந்த 'ரெட் ட்வார்ஃப்' என்று பாருங்கள்

ஒரே பெயரில் முப்பது வருடத்துக்கு மேல் வந்த தொடர் இது. ராப் கிராண்ட், டக் நெய்லர் இருவரும் உருவாக்கினார்கள். 1988 முதல் 1993 வரை வந்த முதல் ஆறு சீசன்களில் தலா ஆறு எபிசோட்கள். பிறகு கிராண்ட் விலகிவிட்டார். 1997, 1999-இல் வந்த 7, 8 சீசன்களில் தலா எட்டு. பத்து வருட இடைவெளிக்குப் பின் டேவ் என்ற பிரிட்டிஷ் சேனல் எடுத்துக்கொண்டது: 2009-இல் மூன்று பாகக் கதை ஒன்று, 2012, 2016, 2017-இல் 10, 11, 12-ஆம் சீசன்கள், 2020-இல் ஒரு நீளமான சிறப்புக் கதை. வழக்கமான எபிசோட் ஏறக்குறைய அரை மணி நேரம்.

"இந்தத் தொடர் ஓகேயா?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காததற்கு இதுதான் காரணம். முதல் இரண்டு சீசன்களில் பெரும்பகுதி, அடுக்குக் கட்டில் அறையில் இரண்டு ஆண்கள் சண்டை போடுவது. தனிமை, குடி, கிடைக்காத பெண்களைப் பற்றிய பேச்சு என்று போகும். 3 முதல் 5 வரை க்ரைட்டன் என்ற ரோபோ நிரந்தரமாகச் சேர்ந்துவிட, அறிவியல் புனைவின் யோசனைகள் முன்னால் வருகின்றன. பிள்ளைகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில் முக்கால்வாசி இந்த மூன்று சீசன்களிலிருந்துதான். 6-ஆவதில் துரத்தலும் சாகசமும். 8-ஆவதில் இறந்துபோன கப்பல் ஊழியர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பி வர, கதை சிறைக்குள் நடக்கிறது; நகைச்சுவை அங்கேதான் மிகவும் தரமிறங்குகிறது.

2. ரேட்டிங்கை எவ்வளவு தூரம் நம்பலாம்

இந்தியாவில் ஓடிடி தளங்கள் 2021-இன் விதிப்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று தாங்களே வகைப்படுத்த வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். பூட்டைப் போட்டுவையுங்கள், நல்லதுதான். ஆனால் 'ஏன் 13+' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரிக் குறிப்பையும் படியுங்கள். அமெரிக்க ரேட்டிங் தெரிந்தால் டிவி-பிஜி, டிவி-14 என்பதோடு நிற்காமல், கூடவே வரும் எழுத்துகளைப் பாருங்கள். 'டி' என்றால் இரட்டை அர்த்த உரையாடல், 'எல்' கெட்ட வார்த்தை, 'எஸ்' பாலியல் காட்சி, 'வி' வன்முறை. இந்த மாதிரித் தொடருக்கு நான்கில் முக்கியமானது 'டி'.

ரேட்டிங் போடுகிறவர்களுக்கு எண்ணத் தெரிந்தவை வார்த்தையும் காட்சியும்தான். ஒரு ஜோக் யாரை அவமானப்படுத்துகிறது, சிரிப்புக்கு அடியில் எவ்வளவு மனச்சோர்வு கிடக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. 'ரெட் ட்வார்ஃப்'-இல் கவனிக்க வேண்டியவையோ இந்த இரண்டும்தான். கெட்ட வார்த்தைக்குப் பதிலாக எழுத்தாளர்கள் 'ஸ்மெக்' என்று ஒன்றைப் புழக்கத்தில் விட்டு, அதையே நூறு விதமாகத் திட்டப் பயன்படுத்துகிறார்கள். நிஜமான பிரிட்டிஷ் வசவுகளும் உண்டு, ஆனால் மிதமானவை. ஒரு வாரம் வீட்டில் 'ஸ்மெக்' ஒலிக்கும், பிறகு அடங்கிவிடும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

3. மூன்று எபிசோட் சோதனை

முதல் எபிசோடை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பலரும் செய்யும் தவறு. 'தி எண்ட்' ஓர் அறிமுகம் மட்டுமே. தொடரின் எல்லைகளைத் தொடும் மூன்று எபிசோட்களைப் பிள்ளை இல்லாதபோது பாருங்கள். ஆங்கிலச் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். லிஸ்டராக நடிக்கும் கிரெய்க் சார்ல்ஸின் லிவர்பூல் உச்சரிப்பில் பாதி வசனம் காதில் நழுவிவிடும், நழுவுவதோ பெரும்பாலும் நீங்கள் கேட்க வேண்டியது. வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். நடிகர் நிறுத்தும் இடத்தில்தான் இரட்டை அர்த்தம் இருக்கும்.

*'மரூன்ட்' (சீசன் 3).* பனிக்கோளில் மாட்டிக்கொண்ட லிஸ்டரும் ரிம்மரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. பசிக்கு நாய்த் தீனி, குளிருக்கு ரிம்மரின் புத்தகங்களும் பணமும் நெருப்பில். தன் கிதாரை எரிக்க மனமில்லாத லிஸ்டர், ரிம்மருக்கு அவன் அப்பா கொடுத்த மரப்பெட்டியிலிருந்து கிதார் வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எரித்துவிட்டு, தியாகி வேஷம் போடுகிறான். நட்பையும் துரோகத்தையும் பற்றி இதைவிட நன்றாக இந்தத் தொடர் எங்கும் பேசவில்லை. ஆனால் நடுவில் முதல் பாலுறவு அனுபவம் பற்றிய நீண்ட உரையாடல் வரும். லிஸ்டர் தனக்கு அப்போது 12 வயது என்பான். ரிம்மர் அதிர்ச்சியடைவது வயதைக் கேட்டு அல்ல. நடந்த இடம் கோல்ஃப் மைதானம், அங்கே உறுப்பினராகாமல் எப்படி நுழைந்தாய் என்று! ஜோக் என்னவோ ரிம்மரின் சட்டப்பித்தைப் பற்றியதுதான். 12 வயதுப் பிள்ளையோடு நடந்தது என்பதைத் தொடர் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது. 1989-இல் கடந்திருக்கலாம், இன்று உங்களால் முடியாது. இந்த ஒரு நிமிடத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க உங்களுக்குத் தயக்கமா, இல்லை நிறுத்திப் பேச முடியுமா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

*'பாலிமார்ஃப்' (சீசன் 3).* உருமாறும் ஜந்து ஒன்று மனிதர்களின் உணர்ச்சிகளை உறிஞ்சுகிறது. லிஸ்டருக்குப் பயம் போகிறது, பூனைக்குக் கர்வம், க்ரைட்டனுக்குக் குற்றவுணர்ச்சி, ரிம்மருக்குக் கோபம். 'வேண்டாத' உணர்ச்சிகள் என்று நாம் நினைப்பவை இல்லாவிட்டால் ஆள் எப்படிக் கெட்டுப்போகிறான் என்பதுதான் கதை. 14 வயதுக்கு அருமையான விஷயம். ஆனால் உள்ளாடையாக மாறிய ஜந்து இறுக, க்ரைட்டன் அதைப் பிடித்து இழுக்க, அறைக்குள் நுழையும் ரிம்மர் தப்பாகப் புரிந்துகொள்ளும் காட்சி ஒன்று உண்டு. ரிம்மரின் அம்மா உருவில் ஜந்து வந்து, லிஸ்டருடன் படுக்கையில் இருப்பதாகக் காட்டும் காட்சியும் உண்டு. முதலாவது வெறும் கோமாளித்தனம், பெரும்பாலான பதின்ம வயதினர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டாவதில் சில வீடுகளில் சங்கடம் வரும். கொஞ்சம் திகிலும் இருக்கிறது.

*'பேக் டு ரியாலிட்டி' (சீசன் 5).* தொடரின் மிகச் சிறந்த எபிசோட்களில் ஒன்று, பிள்ளைகள் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை வேண்டியதும் இதுதான். கடல் ஜந்து ஒன்றின் மை மனத்தில் நம்பிக்கையின்மையை உண்டாக்குகிறது. அதில் சிக்கிய ஒரு கப்பலின் ஊழியர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதில் தொடங்கி, நம் நால்வரும் 'நாம் இத்தனை நாள் வாழ்ந்ததே ஒரு வீடியோ கேம்' என்ற மாயையில் சிக்கி, துப்பாக்கியோடு சாவின் விளிம்பு வரை போகிறார்கள். முடிவில் தப்பித்துவிடுகிறார்கள், சிரிக்கவும் வைக்கிறார்கள். ஆனாலும், வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தாலோ, பிள்ளை சில மாதங்களாகச் சோர்ந்து கிடந்தாலோ, இதைத் தள்ளிப்போடுங்கள். பார்த்துவிட்டு அதைப் பற்றியே சுற்றிச் சுற்றிக் கேட்கிற பிள்ளையிடம், "உனக்கும் அப்படித் தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தொடரை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

4. பார்க்கும்போது எழுத வேண்டியது

ஒரு தாளில் நேரம், என்ன நடந்தது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று மூன்று பத்தி போதும். முதல் இரண்டும் எளிது. 11-ஆம் நிமிடம், குடித்துவிட்டு வாந்தி. 19-ஆம் நிமிடம், உறுப்பைப் பற்றிய பேச்சு. மூன்றாவதில்தான் உண்மை வெளிப்படும்.

'பேரலல் யூனிவர்ஸ்' (சீசன் 2) பெண்கள் ஆளும் இணை உலகம் ஒன்றைக் காட்டுகிறது. பெண்களை மயக்க ரிம்மர் வைத்திருந்த மட்டமான உத்திகளையே அந்த உலகத்துப் பெண் ரிம்மர் அவன்மேல் பிரயோகிக்கிறாள். அவன் நெளிகிறான். லிஸ்டர் கர்ப்பமாகிறான். தாளில் பாலியல் பேச்சு என்று நிறையக் குறிக்க வேண்டிவரும், ஆனால் மூன்றாவது பத்தி முழுக்க 'தொல்லை கொடுக்கும் ஆண்' என்றே நிரம்பும். பள்ளியில் இப்படிப்பட்ட சீண்டலைப் பார்த்திருக்கும் 15 வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் இது பயனுள்ள அரை மணி நேரம்.

'க்ரைட்டி டிவி' (சீசன் 8) இதற்கு நேரெதிர். பெண்கள் சிறையில் அடைபட்ட க்ரைட்டனைக் கொண்டு அவர்கள் குளிப்பதைப் படம் பிடித்து ஆண் கைதிகள் பார்க்கிறார்கள். வசனத்தில் ஆபாசம் 'பேரலல் யூனிவர்ஸ்' அளவுக்குக்கூட இருக்காது. ஆனால் கதை, அதைப் பார்க்கும் ஆண்கள் பக்கம் நம்மை உட்காரவைக்கிறது. படம் பிடிக்கப்பட்ட பெண்களுக்கு முகமே இல்லை. கையில் கேமரா வைத்திருக்கும் தலைமுறைக்கு இது வேடிக்கை என்று தர எங்களுக்கு மனமில்லை. எந்த வயதுக்கும் தவிர்க்கலாம், தொடருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மரணத்தை வைத்து வரும் ஜோக்குகளுக்கும் இதே மூன்றாவது பத்திதான். முதல் எபிசோடில் 30 லட்சம் வருடம் கழித்து விழிக்கும் லிஸ்டர், தரையில் கிடக்கும் வெள்ளைப் பொடியை ருசி பார்க்கிறான். அது தன் சக ஊழியர்கள் என்று கணினி சொல்லும்போதுதான் தெரிகிறது. கொடூரமான ஜோக்தான், ஆனால் சிரிப்பு லிஸ்டரின் அசட்டுத்தனத்தின் மேல். 'டிக்கா டு ரைட்' (சீசன் 7) கென்னடி கொலையை வைத்துக் காலப் பயணக் கதை சொல்கிறது. வழியில் க்ரைட்டன் மனித மாமிசத்தைச் சமைத்துப் பரிமாறுவான். அங்கே அருவருப்பைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

நம்பிக்கை விஷயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோடு இருக்கும். 'வெயிட்டிங் ஃபார் காட்' (சீசன் 1) கதையில் பூனைகள் லிஸ்டரையே கடவுளாக்கி, அவன் பிஜியில் வைக்க நினைத்த கடையின் தொப்பி சிவப்பா நீலமா என்று புனிதப் போர் நடத்தி அழிந்திருக்கின்றன. லிஸ்டர் நினைத்ததோ பச்சை! 'லெமன்ஸ்' (சீசன் 10) கதையில் எலுமிச்சை தேடி கி.பி. 23-இல் இந்தியாவுக்கு நடந்தே வந்து, அங்கே இயேசுவைச் சந்திக்கிறார்கள். 'மெல்ட்டவுன்' (சீசன் 4) மெழுகு ரோபோக்களின் போர். காந்தியின் உருவத்தை ரிம்மர் ராணுவப் பயிற்சியில் நிறுத்துவான். 1991 வளைகுடாப் போர் நேரத்தில் இதன் ஒளிபரப்பையே தள்ளிவைத்தார்கள். போரைக் கிண்டல் செய்வதுதான் அதன் வேலை என்றாலும், காந்தியைப் பார்த்துத் தாத்தா கோபப்படும் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

5. பிள்ளையின் பக்கம்

வயதைவிட இவை முக்கியம். கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளத் தெரியுமா? ரிம்மர் கோழை, பொய்யன், வேலையில் உதவாக்கரை. தொடர் அவனை வெறுக்கவும் இரங்கவும் ஒருசேரக் கேட்கிறது. 'ரிம்மர் சொல்வதெல்லாம் தப்பு' என்று சொல்லாமலே புரிகிற பிள்ளை தயார். அவனையே நாயகனாக எடுத்துக்கொண்டு வசனம் பேசுகிற பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

தேர்வுப் பயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிம்மர் திரும்பத் திரும்பத் தேர்வில் தோற்கிறான். சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்கும் விண்வெளிக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் சோறு கிடையாது என்று வளர்ந்தவன். ஜோக்காகத்தான் வருகிறது. ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் சில பிள்ளைகளுக்கு அது குத்தும், சிலருக்கு ஆறுதலாகவும் இருக்கும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கணக்கில் சேர்க்க ஒரு நல்ல பக்கமும் உண்டு. பிரபஞ்சத்தின் கடைசி மனிதனாகவும் பூனையாகவும் நடிக்கும் கிரெய்க் சார்ல்ஸ், டேனி ஜான்-ஜூல்ஸ் இருவரும் கறுப்பின நடிகர்கள். 1988-இல் நாயகர் நால்வரில் இருவரை இப்படிப் போட்டும், அவர்கள் நிறத்தை ஜோக்காக்கித் தொடர் பிழைப்பு நடத்தவில்லை.

6. எங்கே தொடங்குவது

13, 14 வயதுக்கு: 'குவீக்' (சீசன் 2), பிறகு 'ஒயிட் ஹோல்', 'ஜஸ்டிஸ்' (இரண்டும் சீசன் 4), 'குவாரண்டைன்' (சீசன் 5). 'குவீக்' கப்பல் கணினி செய்யும் குறும்பு, சுத்தமான சிரிப்பு. 'ஒயிட் ஹோல்' கதையில் காலம் தாறுமாறாகி, கோள்களை வைத்து பில்லியர்ட்ஸ் ஆடுகிறார்கள். 'ஜஸ்டிஸ்' கதை நடக்கும் சிறையில், செய்த குற்றம் செய்தவனையே தாக்கும். துணிக்குத் தீ வைத்தால் உங்கள் சட்டை எரியும். அது நியாயமா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள், விவாதம் நீளும். 'குவாரண்டைன்'-இல் கைப்பொம்மையோடு வரும் பைத்தியக்கார ரிம்மர் கொஞ்சம் மிரட்டுவான்.

'பேக்வர்ட்ஸ்' (சீசன் 3) பின்னோக்கி ஓடும் உலகம், எல்லாருக்கும் பிடிக்கும். கடைசியில் ஓர் அசிங்கமான கழிப்பறை ஜோக் உண்டு. அதில் மதுக்கடை மேலாளர் தலைகீழாகத் திட்டும் வசனத்தைத் திருப்பி ஓடவிட்டால், 'இதைக் கஷ்டப்பட்டுத் திருப்பிக் கேட்கிற உருப்படாதவனே' என்கிற பாணியில் கேட்பவனையே திட்டுவார். உங்கள் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

15-க்குப் பிறகு 3-இலிருந்து 6 வரை வரிசையாகவே போகலாம். முன்கூட்டி நீங்கள் பார்த்துவைக்க வேண்டியவை: 'டிஎன்ஏ' (சீசன் 4, மனிதனாகிவிட்ட க்ரைட்டன் தன் உறுப்பைப் பற்றிச் சந்தேகம் கேட்பது), 'ஹோலோஷிப்' (சீசன் 5, உடலுறவை உடற்பயிற்சி போல நடத்தும் கப்பல்), 'டெமன்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்' (அதே சீசன், வலி கொடுத்து இன்பம் காணும் வக்கிரச் சாயல்). மூன்றில் கடைசியைத்தான் நாங்கள் 16 வரை தள்ளுவோம். பிடித்துப்போன பிறகு 1, 2 சீசன்களுக்குத் திரும்பினால் அந்தச் சாம்பல் நிறமும் மெதுவும் உறுத்தாது.

7. திட்டம் எங்கே கெடும்

தானாக அடுத்த எபிசோடுக்குப் போகும் ஆட்டோபிளேயை முதலில் அணையுங்கள். 'ஜஸ்டிஸ்' முடிந்து பத்து விநாடியில் நீங்கள் தேர்ந்தெடுக்காதது ஓடத் தொடங்கும், நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள். யூடியூப் துணுக்குகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நிமிடத் துணுக்கில் ஜோக் மட்டும்தான் இருக்கும், அதற்கு முன்னால் வரும் சோகமும் பின்னால் வரும் அடியும் இருக்காது. முதல் மூன்று சீசன்களுக்கு 1998-இல் புதுப்பித்த கணினி வரைகலைப் பதிப்பு ஒன்று உண்டு. மாற்றங்கள் காட்சித் தோற்றத்தில்தான் அதிகம் என்பதால், வயதுக் கணிப்புக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றே.

ஒவ்வொரு ஜோக்குக்கும் நிறுத்தி விளக்கம் சொன்னால் பிள்ளை அடுத்த முறை ஹெட்போனோடு அறைக்குள் போய்விடும். அரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், அதுவும் உண்மையாகவே உங்களை உறுத்திய இடத்தில் மட்டும். "இதுல யாரைப் பாத்து சிரிக்கிறோம்?" என்று கேட்டால் போதும். பதில் "தெரியல, சும்மா காமெடி" என்றால், அதே மாதிரி எபிசோடை ஆறு மாதம் கழித்துப் போட்டுப் பாருங்கள். உங்களை முந்திக்கொண்டு "இது ரொம்ப ஓவர்" என்று பிள்ளையே சொன்னால், பூட்டின் எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.